வெப்பம் போய்ச் சேரும் இடம்

ஓர் உயிர் தன்னைச் சூழ்ந்த உலகிலிருந்து தன்னை முற்றிலும் அடைத்துக்கொள்ள இயலுமா, இயலுமாயின் அந்த அடைப்பே அதன் நிறைவா என்னும் வினா, தொண்டை நாட்டில் பல நூற்றாண்டுகள் வாதிக்கப்பட்ட வினாக்களுள் ஒன்றாகும். காஞ்சியை நடுவாகக் கொண்டு பாலாற்றின் இரு கரைகளிலும் கடல் வரை பரவிய இந்நிலத்தில் சமணரும் பௌத்தரும் சைவரும் வைணவரும் அருகருகே வாழ்ந்து, ஒருவர் கொள்கையை மற்றவர் நன்கு அறிந்தே மறுத்தனர். வினை எவ்வாறு உயிரை வந்தடைகிறது, எவ்வாறு நீங்குகிறது, நீங்கியபின் உயிர் எந்நிலையில் நிற்கிறது என்று அவர்கள் நுணுகி ஆராய்ந்தபோது, உள்ளே வருவது, உள்ளே தங்குவது, வெளியேறுவது என்னும் மூன்றையே வெவ்வேறு பெயர்களால் பேசினர். இம்மூன்றையும் கைக்கெட்டும் பொருளில் காட்டும் பணியொன்று பழைய வாகனங்களைப் பேணுவோருக்கு நன்கு தெரிந்ததே. மூடிய குளிர்விப்பு அமைப்பைத் திறந்த அமைப்பாக மாற்றுவது அப்பணி. வெளியேற்றப்படுவதை ஏற்பவர் யார் என்று அப்பணி எழுப்பும் கேள்வி, அச்சமயங்களின் விவாதத்தை இன்று எங்கிருந்து தொடர வேண்டும் என்பதைச் சுட்டிக்காட்டுகிறது.

பெட்ரோல் இன்ஜினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வாகனத்தை ஓட்டும் வேலையாக மாறுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி புகைக்குழாய் வழியாகவும், மற்றொரு பகுதி இன்ஜினின் உலோகச் சுவர்களுக்கிடையே ஓடும் நீரின் வழியாகவும் வெளியேறியாக வேண்டும். இல்லையேல் உலோகம் விரிந்து, ஹெட் கேஸ்கெட் எரிந்து, இன்ஜின் இறுகி நின்றுவிடும். வாட்டர் பம்பு நீரை ரேடியேட்டருக்குத் தள்ள, அங்கே மெல்லிய குழாய்களை உரசிச் செல்லும் காற்று வெப்பத்தை வாங்கிக்கொள்ள, ஆறிய நீர் மீண்டும் இன்ஜினுக்குத் திரும்புகிறது. கடல்மட்டத்தில் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் நீர், அழுத்தம் கூடும்போது அதைவிட உயர்ந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும் என்பதால், ரேடியேட்டர் மூடியில் சுருள்வில்லும் இதழும் வைத்து உள்ளழுத்தத்தைத் தேக்குகின்றனர். வளிமண்டலத்தின் அழுத்தத்துக்கு மேல் அதே அளவு அழுத்தத்தை ஒரு மூடி தாங்குமாயின், அதன் கீழுள்ள தூய நீர் ஏறத்தாழ 120 பாகை வரை கொதியாது.

மூடிய அமைப்பில், சூடேறி விரியும் நீருக்கு இடந்தரும் தொட்டியும் இதே அழுத்தத்துக்கு உட்பட்டது; மூடி அத்தொட்டியின் மேலேயே அமைந்திருக்கும்; குறைபாடு ஏதும் இல்லாதவரை நீர் வெளியேறுவதில்லை, வெளிக்காற்று உள்ளே நுழைவதுமில்லை. திறந்த அமைப்பில் அழுத்த மூடி ரேடியேட்டரின் தலையில் இருக்கும். விரியும் நீர் மூடியின் இதழைத் தள்ளிக்கொண்டு ஒரு சிறு குழாய் வழியே, காற்றுப் புகும் துளையுள்ள கூலண்ட் பாட்டிலுக்குச் செல்லும். இன்ஜின் ஆறும்போது உள்ளே உண்டாகும் வெற்றிடம் அந்நீரைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். அதற்கும் முந்திய முறையில் பாட்டில் கிடையாது. விரிந்த நீர் சாலையில் சொட்டிப் போகும். இன்னும் முழுமையான திறப்பைக் காண வேண்டுமாயின் கடற்கரைக்கு வரவேண்டும்: படகின் பின்புறத்தில் மாட்டும் வெளிப்பொருத்து மோட்டார்கள் ரேடியேட்டர் இல்லாமலே கடல்நீரை நேரே உறிஞ்சி, இன்ஜினைச் சுற்றி ஓட்டி, சூட்டோடு கடலிலேயே விட்டுவிடுகின்றன.

மூடிய அமைப்பைத் திறந்ததாக மாற்றுவோர் பெரும்பாலும் அதை விரும்பிச் செய்வதில்லை. அழுத்தம் தாங்கும் பிளாஸ்டிக் தொட்டி பல்லாண்டு வெப்பத்தில் விரிசல் விட்டபின், அதே வடிவில் மாற்றுத் தொட்டி கிடைக்காமல் போவதே வழக்கமான காரணம். பெருங்களத்தூரில் தொழிற்சாலை நடத்தி, 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களைத் தந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1980களின் இறுதியில் கார் உற்பத்தியை நிறுத்தியது; தயாரித்த நிறுவனமே இல்லாமல் போனபின், வண்டியை ஓட்டுவோர் கிடைக்கும் பாகத்தைக் கொண்டு கிடைக்கும் வழியில் காப்பாற்ற வேண்டியவராகின்றனர். திறந்த அமைப்பு எளியது, மலிவானது, எந்தப் பட்டறையிலும் சீர்செய்யத்தக்கது. ஆனால் அதில் நீர் ஆவியாகிக் குறையும், காற்றிலுள்ள ஆக்சிசன் நீரில் கலந்து இரும்பை அரிக்கும், ஆகவே உரியவர் அடிக்கடி பார்த்து நிரப்ப வேண்டும். மூடிய அமைப்பு தன்னை மறந்திருக்க இடம் தருகிறது, திறந்த அமைப்போ கவனிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பாகம் மாறிய வண்டி அதே வண்டிதானா என்று சிலர் கேட்பதுண்டு. திருப்பணியின்போது தெய்வ ஆற்றலைப் பாலாலயம் என்னும் தற்காலிக இடத்துக்கு எழுந்தருளச் செய்து, பழுது நீக்கிக் குடமுழுக்காட்டி மீண்டும் நிறுவும் கோயில் மரபு, அக்கேள்விக்குப் போதுமான விடையை முன்பே தந்துவிட்டது.

இங்கே இயற்பியலின் ஒரு பாகுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வது தேவை. பொருளும் ஆற்றலும் எல்லையைக் கடந்து வந்துபோகும் அமைப்பைத் திறந்த அமைப்பு என்றும், பொருள் கடவாமல் ஆற்றல் மட்டும் கடக்கும் அமைப்பை மூடிய அமைப்பு என்றும், இரண்டுமே கடவாததைத் தனித்த அமைப்பு என்றும் இயற்பியலார் வகுப்பர். வாகனத்தின் மூடிய குளிர்விப்பு அமைப்பு நீரை மட்டுமே அடைக்கிறது; வெப்பத்தை அது அடைத்தால் அடுத்த சில நிமிடங்களில் இன்ஜின் கெடும். எனவே இன்ஜினுக்குத் தனித்த நிலை என்பது கிடையாது. எதை அடைப்பது, எதை விடுவது என்னும் தெரிவு மட்டுமே மனிதர் கையில் உள்ளது. சமயங்கள் உயிரைப் பற்றிப் பேசும்போதும் இம்மூன்றில் எதைக் கருதுகின்றன என்று கேட்டுப் பார்த்தால், மேலோட்டமாக ஒன்றுபோல் தோன்றும் கொள்கைகள் தனித்தனியே பிரிந்து நிற்பதைக் காணலாம்.

அடைப்பைப் பற்றி மிகத் துல்லியமாகப் பேசியது சமணம். காஞ்சியின் ஒரு பகுதியான திருப்பருத்திக்குன்றம் இன்றும் சமணக் கோயில்களோடு விளங்குகிறது. மேருமந்தர புராணத்தை இயற்றிய வாமன முனிவர் அவ்வூரோடு தொடர்புடையவர். தமிழ்ச் சமணர் உயிரின் வரலாற்றை ஊற்று, கட்டு, செறிப்பு, உதிர்ப்பு, வீடு என்னும் சொற்களால் விளக்கினர். மனம், மொழி, மெய் ஆகியவற்றின் செயலால் வினை உயிருக்குள் வந்து புகுவது ஊற்று. புகுந்தது உயிரோடு ஒட்டிக்கொள்வது கட்டு. புகும் வழிகளை அடைப்பது செறிப்பு. முன்பே ஒட்டியதைத் தவத்தால் களைவது உதிர்ப்பு. முற்றும் நீங்கி நிற்பது வீடு. ஓட்டையுள்ள ஓடத்தில் முதலில் ஓட்டையை அடைத்துப் பின்னர் உள்ளே நின்ற நீரை இறைப்பது போன்றது இது என்று சமண ஆசிரியர்கள் விளக்குவர். இங்கே உயிரின் துன்பத்துக்குக் காரணம் திறந்திருத்தல், விடுதலைக்கு வழி அடைத்தல்.

ஆயினும் சமணத்தின் வீடுபேற்றைத் தனித்த அமைப்பு என்று கருதுவது பிழையாகும். வினை என்பது சமணருக்குப் பண்போ ஆற்றலோ அன்று, நுண்ணிய பருப்பொருள். புற்கலம் என்று அவர்கள் கூறும் சடப்பொருளின் ஒரு வகை. செறிப்பு அடைப்பது அப்பொருளின் வரவை. அறிவை அது அடைப்பதில்லை. மாறாக, ஒட்டியிருந்த பொருள் முழுதும் உதிர்ந்த உயிர் எல்லாவற்றையும் ஒருங்கே அறியும் முழுதுணர்வைப் பெறுகிறது. பொருளுக்கு அடைத்து அறிவுக்குத் திறந்த இந்நிலையை, நீரை அடைத்து வெப்பத்தைக் கடத்தும் அமைப்போடு ஒப்பிட்டால், இரண்டையும் முறையாகப் பிரித்துப் பார்த்த அக்கால அறிஞரின் கூர்மை வியப்பூட்டுகிறது. கொல்லாமையும் உண்ணாநோன்பும் உலகை வெறுத்ததால் பிறந்தவை என்ற பழி எத்தனை அவசரமானது என்பதும் இதனால் புலப்படும்.

பௌத்தர் வேறு இடத்தில் கை வைத்தனர். மணிமேகலைக் காப்பியத்தில் அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்கு உரைப்பது சார்பின் தோற்றம் என்னும் கொள்கை: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்னும் பன்னிரண்டும் ஒன்றைச் சார்ந்து ஒன்று எழுகின்றன, முன்னது மீளப் பின்னது மீள்கிறது. இதன்படி, அடைப்பதற்கும் திறப்பதற்கும் முன்பே அங்கு நிலையான ஒரு பொருள் இருந்ததாகக் கொள்வதே பிழை. புலன்களாகிய வாயில்கள் உண்டு, வாயில்களுக்குப் பின்னே குடியிருக்கும் ஒருவர் இல்லை. இன்ஜினைப் பொறுத்தும் இக்கருத்து முற்றிலும் அயலானது அன்று. ரேடியேட்டரின் தகட்டோடு வண்டி முடிகிறது என்பது பார்ப்போர் வரையும் கோடு, காற்று அங்கே நின்றுவிட்டால் இன்ஜினும் நின்றுவிடும். எனினும் கோடு இல்லை என்று சொன்னபின், ஒருவர் மற்றவருக்குச் செய்யும் தீங்குக்குப் பொறுப்பு யாருடையது என்பதை விளக்க அருளறத்தைத் தனியே வலியுறுத்த வேண்டிய கடமை பௌத்தத்துக்கு ஏற்பட்டது. அதை அது நிறைவாகவே செய்தது.

சைவ சித்தாந்தம் சமணத்துக்கு நேர் எதிர்முனையில் நிற்கிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞான போதத்தை அடிப்படையாகக் கொண்ட இத்தத்துவம், உயிரைப் பற்றியுள்ள அழுக்குகளை ஆணவம், கன்மம், மாயை என மூன்றாகக் கூறும். இவற்றுள் முதன்மையானது ஆணவம். இயல்பால் விரிந்த உயிரை அணுவளவாகச் சுருக்கி, தன்னைத் தவிர வேறொன்றையும் அறியவொட்டாமல் மறைத்து நிற்பது அது. சமணர் திறப்பைத் தளை என்று கண்ட இடத்தில் சித்தாந்தி அடைப்பையே தளை என்று காண்கிறார். உயிருக்குத் தனித்து நிற்கும் இயல்பே கிடையாது, அது சார்ந்ததன் வண்ணமாக நிற்பது. மலத்தைச் சார்ந்தால் மலமயம், சிவத்தைச் சார்ந்தால் சிவமயம். ஆகவே சித்தாந்தத்தில் விடுதலை என்பது சார்பு மாறுவது, சார்பே அற்றுப்போவது அன்று. முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் ஆற்றல் மட்டும் அடங்குகிறது என்று இம்மரபு கூறுவது, உயிர் எந்நிலையிலும் அருளை நோக்கித் திறந்தே இருக்க வேண்டியது என்னும் கொள்கையின் தவிர்க்கவியலாத முடிவு. மாணிக்கவாசகருக்கு இறைவன் காட்சி தந்ததாகச் சைவர் போற்றும் திருக்கழுக்குன்றம் செங்கல்பட்டுக்கு மிக அருகே உள்ளது. அவருடைய பாடல்களில் உருகுதலே அனைத்துமாக இருப்பது இக்கொள்கைக்கு முன்னோட்டமாக அமைந்ததில் வியப்பில்லை.

இதுவரை கண்ட மூன்று மரபுகளும் உயிரின் பக்கத்தில் நின்று பேசுபவை. உயிரைவிட்டு நீங்கிய வினை எங்கே போயிற்று என்று அவை பெரிதும் கேட்கவில்லை. அக்கேள்வியை நேராகக் கேட்டது வேதாந்தம். ஞானி தன் நல்வினை தீவினைகளை உதறுகிறான் என்று மட்டும் சில வேதப் பகுதிகள் கூற, அவன் நல்வினையை நண்பரும் தீவினையைப் பகைவரும் பெறுகின்றனர் என்று மட்டும் வேறு சில கூற, கௌசீதகி உபநிடதம் இரண்டையும் சேர்த்துக் கூறுகிறது. பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயம் இதை ஆராய்ந்து, உதறுதல் மட்டும் சொல்லப்பட்ட இடங்களிலும் பெறுதலைச் சேர்த்தே பொருள்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்கிறது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த இராமானுசர் அச்சூத்திரங்களுக்குத் தாம் எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தில் அம்முடிவை ஏற்று விளக்குகிறார். இலக்கண நுணுக்கம்போல் தோன்றும் இவ்விதி, உண்மையில் ஆழ்ந்த அறவிதி. ஒன்றைக் கைவிட்டேன் என்று ஒருவர் கூறும்போது அதைப் பெற்றவர் யார் என்பதையும் கூறியாக வேண்டும். பெற்றவரைச் சொல்லாத துறவுக் கூற்று முற்றுப்பெறாத வாக்கியம்.

இதே கேள்வி மாமல்லபுரத்துக் கல்லிலும் உண்டு. 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் செதுக்கிய அப்பெரும் பாறைச் சிற்பம் அர்ச்சுனன் தவமா, கங்கையின் இறக்கமா என்று அறிஞர் இன்றும் வேறுபடுகின்றனர். இரண்டாவது கருத்தை ஏற்போர், பாறையின் பிளவையும் அதில் நீந்தும் நாகர்களையும், மேலே நீர்த்தொட்டி இருந்ததாகக் கருதத்தக்க அடையாளங்களையும் சான்றாகக் காட்டுவர். கங்கையை மண்ணுக்கு வரவழைக்கத் தவமிருந்த பகீரதனின் கதையில் திருப்பம் அவளை அழைப்பதில் இல்லை; அவள் இறங்கும் வேகத்தைத் தாங்குபவர் யார் என்பதில் இருக்கிறது. தாங்க ஒருவர் ஒப்பாதவரை விடுவிப்பு நிகழக்கூடாது என்று அக்கதை கருதுகிறது. ஒற்றைக் காலில் கைதூக்கி நிற்கும் தவசியைச் சிற்பி குகைக்குள் அடைக்காமல், யானைகளும் மான்களும் முனிவரும் தேவரும் சூழ்ந்த திறந்த வெளியில் நிறுத்தியதும் இக்கருத்துக்கு இசைவாகவே இருக்கிறது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் இக்கேள்வி மிகப் பெரிய அளவில் எழுகிறது. சென்னை அணுமின் நிலையத்தின் இரு உலைகள் 1983-இலும் 1985-இலும் தொடர்வினை நிலையை எட்டின. உலையின் வெப்பத்தை ஏற்கும் கனநீர் ஒரு மூடிய சுற்றில் ஓடுகிறது. அது விலைமிக்கது, உலையில் ஓடுவதால் கதிரியக்கமும் ஏறியது. அவ்வெப்பத்தை வாங்கி நீராவியாகிச் சுழலியை ஓட்டும் தூய நீர் இரண்டாவது மூடிய சுற்றில் ஓடுகிறது. மூன்றாவதாக, நீராவியை மீண்டும் நீராக்கும் பணியைக் கடல்நீர் செய்கிறது; கடலடிச் சுரங்கம் ஒன்றின் வழியே உள்ளே வந்து, சூட்டை வாங்கிக்கொண்டு கடலுக்கே திரும்புகிறது. உலை தரும் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் மின்சாரமாகாமல் இவ்வழியே வெளியேறுகிறது. உள்ளே இரு சுற்றுகளை அத்தனை கவனத்தோடு மூட முடிந்ததற்குக் காரணம், கடைசிச் சுற்று கடலை நோக்கித் திறந்திருப்பதே. வாகனத்தின் மூடிய அமைப்பும் காற்றை நோக்கித் திறந்திருப்பதாலேயே மூடியிருக்க முடிகிறது. அடைப்பு எத்தனை நேர்த்தியாயினும் அதற்கு வெளியே திறந்த ஒன்று தாங்கி நிற்கிறது. தாங்குவதைக் கண்ணில் படாமல் வைத்திருப்பதே மூடிய அமைப்பின் சிறப்பும் அதன் அறக்குறையும் ஆகும்.

திறந்திருப்பது ஒருவழிப் பாதையாகவும் இருப்பதில்லை. கல்பாக்கத்தின் சுரங்கச் சுவர்களில் பச்சை மட்டிகளும் கொட்டலசு என்னும் ஓடுள்ள ஒட்டுயிர்களும் குடியேறி நீரோட்டத்தைக் குறைப்பதும், அவற்றைத் தடுக்கக் குளோரின் சேர்க்க வேண்டியிருப்பதும் கடல் உயிரியலார் விரிவாக ஆராய்ந்த செய்திகள். 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை அதே கடல்வழியே ஏறிப் பம்பு நிலையத்தை மூழ்கடித்தது. இயங்கிக்கொண்டிருந்த இரண்டாவது உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. உலகை நோக்கி வழி வைத்தவரிடம் உலகும் அவ்வழியே வரும் என்பதைச் சமணர் நன்கறிந்திருந்தனர். அந்த அச்சத்தில் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு.

ஆயினும் பொதுவாக முடிவு கூற வேண்டின், இராமானுசர் ஏற்ற விதியே இங்கு முதன்மை பெறுகிறது. அதிலும் ஒரு திருத்தம் தேவை. உபநிடதத்தில் ஞானியின் வினையைப் பெறுவோர் நண்பரும் பகைவரும். அவர்கள் தம் அன்பாலோ வெறுப்பாலோ அவனோடு ஏதோ ஓர் உறவு கொண்டவர்கள். இன்ஜினின் வெப்பத்தையும் உலையின் வெப்பத்தையும் பெறும் காற்றும் கடலும், கடலில் வாழும் மீனும், சதுரங்கப்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களில் அம்மீனை நம்பி வாழ்வோரும் அத்தகைய உறவு எதுவும் கொண்டவர் அல்லர். ஒன்றும் செய்யாதவர் மேல் இறங்கும் சுமைக்குக் கணக்கு வைக்கும் கடமை சுமையை இறக்குபவருடையது. கடல்நீரைப் பயன்படுத்தும் புதிய அனல்மின் நிலையங்கள் திருப்பி விடும் நீரால், அதை ஏற்கும் நீரின் வெப்பநிலை அதன் இயல்பு நிலையினும் 7 பாகைக்கு மேல் உயரலாகாது என்று இந்தியச் சட்டம் வரையறுத்திருப்பது, ஏற்பவரையும் வாக்கியத்தில் சேர்த்து எழுத முயன்ற ஒரு நல்ல தொடக்கம். அவ்வரம்பு போதுமானதா என்பதை ஏற்பவர் தரப்பிலிருந்தும் கேட்டறிய வேண்டும்.

பழைய வண்டியின் உரிமையாளருக்கும் இது பொருந்தும். மூடிய அமைப்பைத் திறந்ததாக மாற்றுவதில் குற்றம் ஏதும் இல்லை. நாள்தோறும் பாட்டிலைப் பார்த்து நிரப்பும் பழக்கம் உள்ளவருக்கு அது பொருத்தமான மாற்றமே. ஆனால் மாற்றும் பணியின் முதல் வேலை பழைய கூலண்டை, அதாவது குளிர்விப்பு நீர்மத்தை, வடிப்பது. பெரும்பாலான கூலண்டில் கலந்துள்ள எத்திலீன் கிளைகால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. நாயோ கன்றோ நக்கினால் அது உடலுக்குள் ஆக்சாலிக் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தைச் சிதைக்கும். செங்கல்பட்டுப் பட்டறை ஒன்றின் வாய்க்காலில் விட்ட நீர் மழையில் கொளவாய் ஏரிக்கோ பாலாற்றுக்கோ போய்ச் சேரக்கூடும். ஆகவே இம்மாற்றத்தைச் செய்வோரும் செய்விப்போரும் வடிக்கும் கூலண்டைத் தரையில் விடாமல் கேனில் பிடித்து இறுக மூடி, உள்ளிருப்பது என்னவென்று மேலே எழுதி, குழந்தைகளும் கால்நடைகளும் எட்டாத இடத்தில் வைத்து, அபாயகரமான கழிவுகளைக் கையாள உரிமம் பெற்றோரிடம் ஒப்படைக்க வேண்டும்.